கருவாட்டு வேகனில் ஏறிய மல்லி

என் கணவருக்கு மஞ்சள்காமாலை வந்த வருஷம்தான் நான் ரயிலடியில் போய் நிற்க வேண்டி வந்தது. யுத்தம் முடிந்திருந்தது. ஆனால் யுத்தம் கொண்டுவந்த தட்டுப்பாடு எதுவும் முடியவில்லை. மண்ணெண்ணெய்க்கு வரிசை, துணிக்கு வரிசை, வேகனுக்கும் வரிசை.

அருப்புக்கோட்டையிலிருந்து பாளையம்பட்டி போகிற பாதையில் சரக்கு சேர்த்துவைக்கிற எங்கள் கிட்டங்கி இருந்தது. ஓடு வேய்ந்த நீளமான கட்டடம், முன்னால் சாணி மெழுகிய களம். திருச்சுழிப் பக்கத்துக் கரிசலில் விளைகிற மல்லியை, அதாவது குழம்புக்கு அரைக்கிற கொத்தமல்லி விதையை, வாங்கிப் புடைத்துச் சாக்கில் பிடித்து ரயிலில் தூத்துக்குடிக்கு அனுப்புவோம். அங்கிருந்து தோணியில் கொழும்புக்குப் போகும். வெளியே போய் வாங்குவதும் விற்பதும் என் கணவர் வேலை. கிட்டங்கிக்குள் நடப்பது என் வேலை. எந்த மூடையில் தூசி அதிகம், எது முற்றாமல் அறுத்த காய், எதில் பனி இறங்கியிருக்கிறது என்று கையை உள்ளே விட்டாலே தெரிந்துவிடும். மிஷன் பள்ளியில் எட்டாவது வரை படித்திருந்ததால் தூத்துக்குடி ஏஜெண்டுக்குக் கடிதம் எழுதுவதும் நான்தான். இங்கிலீஷ்கூட எழுத்துக்கூட்டி வாசித்து அர்த்தம் பண்ணிக்கொள்வேன்.

எங்கள் ஊருக்கு அப்போது ரயில் கிடையாது. பதின்மூன்று மைல் மாட்டுவண்டியில் கொண்டுபோய் ரயிலடியில் சேர்க்க வேண்டும். லாரிகள் இருந்தன, ஆனால் பெட்ரோலுக்குக் கூப்பன். கூப்பன் கிடைத்தவர்கள் பஞ்சு ஏற்றினார்கள். ரயிலிலும் முதல் இடம் தானியத்துக்கு, அடுத்தது சர்க்கார் சாமானுக்கு. மல்லி, வத்தல் எல்லாம் கடைசி. தை மாசம் வேகன் கேட்டு எழுதிக் கொடுத்தால் பங்குனியிலாவது வருமா என்று காத்துக்கிடக்க வேண்டும்.

அப்படிக் காத்திருந்தபோதுதான் என் கணவர் படுத்தார். கண் மஞ்சள், நகம் மஞ்சள், மோரைத் தவிர எதுவும் உள்ளே போகவில்லை. கட்டிலை விட்டு இறங்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டுப் போன மறுநாள் ரயிலடியிலிருந்து கார்டு வந்தது. நாளைக் காலை வேகன் நிற்கும், அன்றைக்கே ஏற்ற வேண்டும், இல்லையென்றால் அடுத்தவருக்குப் போய்விடும்.

என் கொழுந்தன் எங்களோடுதான் இருந்தான். இருபத்தாறு வயது. நல்லவன், யார் என்ன சொன்னாலும் தலையாட்டுவான், அதுதான் அவனிடம் இருந்த ஒரே குறை. மூக்குப்பொடி போடுவான். கிட்டங்கிப் பக்கம் வந்தால் தும்மல் வருகிறது என்று கடைவீதியிலேயே சுற்றிக்கொண்டிருப்பான்.

கட்டிலில் படுத்தபடியே என் கணவர் அவனிடம் சொன்னார்: "நீ போ. மதினியையும் கூட்டிட்டுப் போ. மூடை எண்ண ஒரு ஆள் வேணும்ல."

வருஷம் பூராவும் அந்த மூடைகளோடு கிடந்தவள் நான். எண்ணுவதற்கு ஓர் ஆள் என்று என்னைச் சொன்னார். நோயாளியிடம் என்ன பேசுவது. அவருடைய தங்கையை வரவழைத்து வீட்டில் விட்டுவிட்டு, ராத்திரியே பதினாலு வண்டிகளை ஓட்டச் சொல்லி, விடியும்போது நாங்கள் முதல் பஸ்ஸில் கிளம்பினோம்.

வேகன் நின்றது. இரும்புச் சுவர், பலகைத் தரை, தள்ளுகதவு. கதவைத் தள்ளியதுமே வாடை முகத்தில் அடித்தது. முந்தின லோடு கருவாடு. தரைப் பலகையில் செதில் ஒட்டிக் காய்ந்திருந்தது. மூலையில் பிய்ந்த ஓலைக்கூடை கிடந்தது. உப்புநீர் ஊறிய இடமெல்லாம் கறுத்து இன்னும் ஈரமாகவே இருந்தது.

"தம்பி, உள்ள வந்து பாருங்க" என்று கொழுந்தனைக் கூப்பிட்டேன். அவன் ஏறி ஒரு சுற்றுப் பார்த்தான்.

"அப்படி ஒண்ணும் தெரியலையே மதினி" என்றான். பொடி போட்ட மூக்குக்கு என்ன தெரியும்.

குட்ஸ் கிளார்க் கையில் காகிதங்களோடு வந்தார். நடுத்தர வயது, வேட்டிக்கு மேல் கறுப்புக் கோட்டு. நேராகக் கொழுந்தனைப் பார்த்து, "என்ன சார், ஏத்தலாமா?" என்றார்.

நான் முன்னால் போய்ச் சொன்னேன். "ஐயா, இது கருவாடு ஏத்துன வண்டி. மல்லி எந்த வாசத்தையும் குடிச்சிரும். இதைக் கழுவிக் காயவச்சுத்தான் ஏத்தணும்."

அவர் கொழுந்தனிடம் கேட்டார்: "அம்மா என்ன சொல்றாங்க?"

தமிழில்தான் சொன்னேன், நாலடி தூரத்தில் நின்று. என் கொழுந்தன் நான் சொன்னதையே அப்படியே திருப்பிச் சொன்னான். இப்போது அவருக்குப் புரிந்தது.

"கழுவினா காய ரெண்டு நாளாவும். ரெண்டு நாள் வண்டியை இங்க போட்டுவைக்க முடியாது சார். உங்களுக்குப் பின்னால பஞ்சுக்காரங்க நாலு பேர் நிக்கிறாங்க. வேண்டாம்னா ஒரு வரி எழுதிக் குடுத்துட்டுப் போங்க. அடுத்தாப்புல உங்க முறை ஆடியிலயோ ஆவணியிலயோ வரும்."

ஆடி வரை மல்லியை வைத்திருந்தால் வண்டு விழும், பச்சை நிறம் போய் வெளுத்துவிடும். அது அவருக்கும் தெரியும். வெளியே பதினாலு வண்டி மாடுகளும் வெயிலில் நின்றன. வண்டிக்காரர்கள் கயிற்றை அவிழ்க்கலாமா வேண்டாமா என்று எங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

நான் கொழுந்தனைக் கடைவீதிக்கு விரட்டினேன். கிடைக்கிற ஓலைப்பாய் எல்லாம் வாங்கிவரச் சொன்னேன். அவன் வருவதற்குள் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, போர்ட்டர் ஒருவரிடம் விளக்குமாறு வாங்கிச் செதிலையெல்லாம் கூட்டித் தள்ளினேன். உலர்ந்த மணலைக் கொட்டித் தேய்த்தேன். ஒரு மணி நேரம் தேய்த்தும் வாடை வாடையாகவே இருந்தது. கொழுந்தன் கொண்டுவந்த பாய் தரைக்கு மட்டும் சரியாக இருந்தது, சுவருக்கு வைக்க மிச்சமில்லை.

இருநூற்றுப் பத்து மூடையும் ஏறி முடிந்தபோது வெயில் தாழ்ந்திருந்தது. கிளார்க் ஓர் அச்சடித்த தாளை நீட்டினார். நான் எட்டிப் பார்த்தேன். சரக்கு, மூடைக் கணக்கு, சேரும் ஊர். கடைசியில் சின்ன எழுத்தில் ஒரு வரி. எழுத்துக்கூட்டினேன். வண்டி சுத்தமாகவும் சரக்குக்குத் தகுந்ததாகவும் இருந்ததைப் பார்த்துத் திருப்திப்பட்டோம் என்று அர்த்தம் வந்தது.

"தம்பி, இதுல கையெழுத்துப் போடாதிய. வண்டி சுத்தமா இருந்துச்சுன்னு எழுதியிருக்கு. அந்த வரியை அடிச்சிட்டுத்தான் போடணும்" என்று சொல்லித் தாளின் மேல் கையை வைத்தேன்.

கிளார்க் என் கைக்கு அடியிலிருந்து தாளை மெதுவாக உருவினார். கோபமே இல்லாமல், ஏதோ குழந்தை கையிலிருந்து எடுப்பதுபோல எடுத்தார். "அச்சடிச்ச ஃபாரத்துல அடிச்சா செல்லாது சார். எல்லாரும் போடுறதுதான். சும்மா ஒரு முறைக்கு" என்று பேனாவைத் திறந்து கொழுந்தனிடம் கொடுத்தார்.

அவன் என்னைப் பார்த்தான். கிளார்க்கைப் பார்த்தான். போட்டுவிட்டான்.

திரும்பும் பஸ்ஸில் நான் அவனோடு பேசவில்லை. "எல்லாரும் போடுறதுதானாம் மதினி" என்று இரண்டு தடவை சொன்னான்.

தூத்துக்குடிக்கு வேகன் இரண்டு நாளில் போக வேண்டும். மூன்றாம் நாள் நாங்கள் பாசஞ்சர் வண்டியில் அங்கே போய் இறங்கினோம். என் சித்தி வீடு கோயில் தெருவில் இருந்தது, அங்கே தங்கினோம். காலையில் எழுந்ததும் குட்ஸ் ஷெட்டுக்குப் போவோம். "வரல" என்பார்கள். சாயங்காலம் போவோம். "வரல." எங்கே நிற்கிறது என்று கேட்டால் வழியில் நிற்கிறது என்பார்கள். வழியில் எந்த ஸ்டேஷன் என்று கேட்டால், அது தெரிந்தால் சொல்ல மாட்டோமா என்பார்கள். அரிசி வண்டிக்கு வழிவிட எங்கோ ஒரு பக்கத்துத் தண்டவாளத்தில் கழற்றி விட்டிருப்பார்கள் என்று சித்தப்பா சொன்னார். பங்குனி வெயிலில், இரும்புப் பெட்டிக்குள், மூடிய கதவுக்குப் பின்னால் என் மல்லி அந்த வாடையோடு வெந்துகொண்டிருப்பதை நினைத்து, சாப்பாட்டைப் பாதியில் விட்டு மறுபடி ஷெட்டுக்குக் கிளம்பிவிடுவேன்.

ஒன்பதாம் நாள் வந்தது. குருத்தோலை ஞாயிறு முடிந்த திங்கட்கிழமை காலை.

ஏஜெண்டின் கிட்டங்கி கடற்கரைக்குப் பக்கம். பெரிய வளவு, நடுவில் சிமெண்டுத் தரை. மூடைகளை இறக்கியதும் ஏஜெண்ட் குத்தூசியால் ஒரு மூடையைக் குத்தி, ஒரு பிடி மல்லியை உள்ளங்கையில் வாங்கி, முகத்துக்குக் கொண்டுபோனார். கையை உதறினார்.

"மல்லியா கருவாட்டுக் கூடையா இது?" என்று கொழுந்தனிடம் கேட்டார். "கொழும்புல இதை எவன் வாங்குவான்? என் பேரையும் சேத்துல்ல கெடுப்பீக."

நான் பேசத் தொடங்கினேன். ஏஜெண்ட் அவனிடமே, "திருப்பிக் கொண்டுபோங்க. நான் ஏத்த மாட்டேன்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். மூன்று வருஷமாக அவருக்கு நான்தான் கடிதம் எழுதுகிறேன். கையெழுத்து அழகாக இருக்கிறது என்று ஒரு தடவை பாராட்டி எழுதியிருக்கிறார், என் கணவரை.

எனக்கு அழுகை வரவில்லை. ஆத்திரம்தான் வந்தது. ஒரு மூடையின் தையலைப் பிரித்துக் கையை முழங்கை வரைக்கும் உள்ளே விட்டேன். வாடை. அடுத்த மூடை, வாடை. மூன்றாவதில் வாடை இல்லை. இன்னொரு தடவை முகர்ந்தேன். சுத்தமான மல்லி வாசம்.

அதை யாரோ பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். எங்கள் சரக்கை ஏற்ற இருந்த தோணியின் தண்டல். தோணியை ஓட்டிப்போகிற தலைவரைத் தண்டல் என்பார்கள். கழுத்தில் மாதா படம் பொறித்த சுருபம் கோத்த கயிறு, தலை நரைத்த மனுஷன். சரக்கு எவ்வளவு என்று பார்க்க வந்தவர், நேராக என்னிடம் வந்தார். பத்து நாளில் முதல் தடவையாக ஓர் ஆண் என் முகத்தைப் பார்த்துப் பேசினார்.

"சொவத்தை ஒட்டியிருந்த மூடை வாங்கியிருக்கும். தரையிலயும் மேலயும் இருந்தது வாங்கியிருக்கும். நடுவுல கெடந்தது தப்பிச்சிருக்கும்மா. பிரிச்சு எடுங்க. நல்லதை மட்டும் நான் ஏத்துறேன்."

"எத்தனை நாளைக்குள்ள?"

"புதன்கிழமை மத்தியானம் வரைக்கும். அன்னைக்குப் பாய் விரிச்சாத்தான் பெரிய வியாழன் ராத்திரிக்குள்ள கொழும்புல கரையேறலாம், அதுக்கு மேல எங்காளுக ஒருத்தனும் கடல்ல கால் வைக்க மாட்டான். பண்டிகை கழிஞ்சதும் எனக்கு வெங்காய லோடு சொல்லியாச்சு."

உள்ளே போய் ஏஜெண்டிடம் அதையே தண்டல் சொன்னார். தண்டல் சொன்னதும் ஏஜெண்ட் சரி என்றார்.

அன்று காலையே தொடங்கினோம். ஒவ்வொரு மூடையாகத் தையல் பிரிக்க வேண்டும், மேலேயும் நடுவிலும் அடியிலும் அள்ளி முகர வேண்டும், நல்லதென்றால் கோணூசியால் திரும்பத் தைக்க வேண்டும். தைப்பதற்கும் தூக்குவதற்கும் ஆள் இருந்தது. முகர ஆள் இல்லை. கொழுந்தனை முகரச் சொன்னால் எல்லாம் நல்லதென்றான். கிட்டங்கிக் கூலியாட்களை முகரச் சொன்னேன். "நல்லாத்தான இருக்கு" என்றார்கள். பிறந்ததிலிருந்து அந்தக் காற்றைக் குடித்து வளர்ந்தவர்கள், அவர்களுக்குக் கருவாடு ஒரு வாசமாகவே தெரியவில்லை. அப்பட்டமாக நாறுகிற மூடையைக்கூட முகர்ந்துவிட்டு, "மல்லி மணக்குதே" என்று ஒருவர் மனசாரச் சொன்னார்.

ஆக நான் ஒருத்தி. முப்பது மூடை வரைக்கும் மூக்கு ஒழுங்காக இருந்தது. அப்புறம் எல்லாம் ஒன்றுபோல இருந்தது. நல்லது எது, கெட்டது எது, தெரியவில்லை. காற்று வாங்கினால் சரியாகும் என்று வெளியே போய் நின்றேன். கடற்கரை முழுக்க மீன் காய்ந்துகொண்டிருந்தது. அன்று சாயங்காலம் வரை ஐம்பது மூடைகூட முடியவில்லை.

செவ்வாய்க்கிழமை காலை, சிந்தின மல்லியைப் புடைத்து அள்ள ஏஜெண்ட் இரண்டு பொம்பளைகளை அனுப்பினார். அதில் ஒருத்தி சின்னப் பெண், குறுக்குச்சாலைப் பக்கத்துக் கரிசல் ஊரிலிருந்து கட்டிக்கொண்டு வந்தவள். சுளகைக் கையில் எடுத்து ஓரமாக ஒதுக்கிவைத்திருந்த மூடைப் பக்கம் போனவள், வாயைப் பொத்திக்கொண்டு சுவரோரம் ஓடினாள். வாந்தி எடுத்து முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தாள்.

"என்னம்மா, உடம்புக்கு?" என்றேன்.

"முழுகாம இருக்கேன்க்கா. மூணு மாசம். கருவாட்டு வாடை பட்டாப் போதும், கொடலைப் பிடுங்குது. இந்த மூடையில கருவாடா வச்சிருக்கிய?"

நான் அவளையே பார்த்துக்கொண்டு நின்றேன். கேட்கலாமா கூடாதா என்று மனசு அடித்துக்கொண்டது. வயிற்றுப் பிள்ளைக்காரி. ஆனால் நூற்றறுபது மூடை பிரிக்காமல் கிடந்தது, அடுத்த நாள் மத்தியானம் கெடு. கேட்டுவிட்டேன். புடைக்க வேண்டாம், நிழலில் உட்கார்ந்துகொள், ஒவ்வொரு மூடையிலும் ஒரு பிடி கொண்டுவருவேன், தூரத்திலேயே வைத்துக் காட்டுவேன், நல்லதா கெட்டதா என்று சொன்னால் போதும் என்றேன்.

அவள் சிரித்தாள். "வீட்ல சும்மாவே வாந்தி எடுத்துக்கிட்டுக் கெடக்கேன். இதுக்குக் கூலியும் தாரிய. குடுங்கக்கா."

கையில் ஓர் எலுமிச்சம்பழத்தைக் கொடுத்து உட்காரவைத்தேன். மூன்று முழத் தூரத்திலிருந்தே அவளுக்குத் தெரிந்தது. முகம் சுருங்கினால் ஓரத்துக்கு, சுருங்கவில்லை என்றால் தையலுக்கு. பத்து மூடைக்கு ஒரு தடவை எழுந்து போய் முகம் கழுவி வருவாள். இரண்டு தடவை உண்மையாகவே வாந்தி எடுத்தாள். "போதும்மா, வீட்டுக்குப் போ" என்று சொன்னேன். "எத்தனை மிச்சம்?" என்று கேட்டாள். நான் சொல்லியிருக்கக் கூடாது, சொன்னேன். அவள் உட்கார்ந்துவிட்டாள். மத்தியானம் என் சித்தி வீட்டிலிருந்து ரசஞ்சோறு வாங்கிவந்து ஊட்டாத குறையாகச் சாப்பிடவைத்தேன். அன்றைக்கு அந்தப் பெண்ணின் உடம்பை நான் என் மல்லிக்காக வருத்தினேன். என் மேலேயே எனக்கு வந்த வெறுப்பையும் அந்தக் கிளார்க் கணக்கில்தான் எழுதிக்கொண்டேன்.

புதன்கிழமை காலை பத்து மணிக்கு முடிந்தது. நல்லது நூற்றிருபத்தைந்து. கெட்டது எண்பத்தைந்து. சின்ன வள்ளத்தில் ஏற்றிக்கொண்டுபோய், நங்கூரம் போட்டு நின்ற தோணியில் சேர்க்க வேண்டும். ஆட்கள் ஓடி ஓடி ஏற்றினார்கள். ஆனால் காற்று மாறி, வள்ளம் ஒவ்வொன்றும் போய்வர நேரமானது. உச்சிப்பொழுது தாண்டியதும் ஒவ்வொருத்தராகத் தலைத்துணியை அவிழ்க்க ஆரம்பித்தார்கள்.

"இன்னும் முப்பது மூடைதான், தம்பிகளா. ஒரே நடை" என்று கெஞ்சினேன்.

"பாவசங்கீர்த்தனத்துக்குப் போணும்க்கா, சாமியார்ட்ட பாவத்தைச் சொல்லணும்" என்றார்கள்.

வேறு எந்தக் காரணம் சொல்லியிருந்தாலும் சண்டை போட்டிருப்பேன். நானும் சிலுவையைக் கும்பிடுகிறவள்தானே, இதற்கு என்ன சொல்ல முடியும்? முப்பது நல்ல மூடைகள் கரையிலேயே நின்றன. தோணி பாய் விரித்துப் போவதைக் கொழுந்தனும் நானும் பார்த்துக்கொண்டு நின்றோம். அப்புறம் அந்த முப்பதையும் உப்புக்காற்று படாமல் திரும்பக் கிட்டங்கிக்குள் தூக்கி அடுக்கினோம். பண்டிகைக்குப் பிறகு வேறொரு தோணியில் அவற்றை ஏஜெண்ட் அனுப்பிவைத்தார்.

பெரிய வெள்ளி மூன்று மணி ஆராதனைக்குச் சித்தியோடு எங்கள் கோயிலுக்குப் போனேன். பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்த அம்மா கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்து மறு ஓரத்துக்குப் போய்விட்டாள். மூன்று தடவை குளித்திருந்தேன். என் மேல் என்ன வாடை அடித்தது என்று எனக்கே தெரியவில்லை. குருவானவர் மன்னிப்பைப் பற்றிப் பிரசங்கம் பண்ணினார். அந்தக் கிளார்க் என் கைக்கு அடியிலிருந்து தாளை உருவினதுதான் கண்முன் நின்றது. மன்னிக்க முயற்சி பண்ணினேன். வரவில்லை.

கெட்டுப்போன எண்பத்தைந்து மூடையைத் திருப்பிக் கொண்டுவர வேகன் கேட்கலாம் என்றான் கொழுந்தன். நான் பார்த்த பார்வையில் அவன் வேறு வண்டி தேடக் கிளம்பிவிட்டான். மில்லுக்குப் பஞ்சு கொண்டுவந்துவிட்டு எங்கள் ஊர்ப் பக்கம் வெறுமனே திரும்புகிற பந்தல்குடி மாட்டுவண்டிகள் ஆறு கிடைத்தன. அவற்றில் ஏற்றிவிட்டு ஈஸ்டர் கழிந்து ரயிலில் ஊர் திரும்பினோம்.

என் கணவர் எழுந்து உட்காரும் அளவுக்குத் தேறியிருந்தார். நாங்கள் உள்ளே நுழைந்ததும் தம்பியிடம் கேட்டார்: "என்னலே ஆச்சு?"

அவன் எல்லாம் சொன்னான். பொய் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அவன் சொன்ன கதையில், "பிரிச்சோம், மோந்தோம், ஏத்துனோம்" என்றுதான் வந்தது. கையெழுத்து விஷயம் வந்ததும் என் கணவர் நிமிர்ந்தார்.

"அதுல என்ன எழுதியிருந்துச்சுன்னு பாக்காமயா போட்ட?"

"மதினி பக்கத்துலதாண்ணே நின்னாக" என்றான் அவன்.

என் கணவர் என் பக்கம் திரும்பினார். "உனக்குத்தான் இங்கிலீஷ் தெரியுமே. நீ சொல்லக் கூடாதா?"

அந்தப் பதினாறு நாளில் அடக்கி வைத்ததெல்லாம் அப்போது வந்தது. "பேனாவை என் கையிலயா குடுத்தாக?" என்று கத்தினேன். "சொன்னேன். வண்டிக்குள்ள நின்னு சொன்னேன், தாளு மேல கைய வச்சுச் சொன்னேன். நான் சொன்னது உங்க தம்பி வாயில வந்தாத்தான் அந்த மனுசனுக்குக் கேட்டுச்சு. இங்க நீங்களும் அதத்தான் செய்றிய. பதினாறு நாள் நான் போயிட்டு வாரேன். எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டியளா?"

நாத்தனார் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். கொழுந்தன் வெளியே போய்விட்டான். என் கணவர், "சரி, நீ சொல்லு" என்றார். எனக்கு அப்போது சொல்லப் பிடிக்கவில்லை. குளிக்கப் போய்விட்டேன்.

ரயில்காரர்களுக்கு நஷ்டஈடு கேட்டு நானே எழுதினேன். இங்கிலீஷில் எழுதி, மிஷன் பள்ளி வாத்தியாரிடம் பிழை திருத்தி வாங்கி, என் கணவர் கையெழுத்தோடு அனுப்பினோம். நாலு மாசம் கழித்துப் பதில் வந்தது. வண்டி சுத்தமாக இருந்ததாக எங்கள் ஆளே எழுத்தில் ஒப்புக்கொண்டிருப்பதால் எதுவும் செய்வதற்கில்லை என்று இருந்தது. அதை வாசித்துக் காட்டும்போது கொழுந்தன் அங்கேதான் இருந்தான். சாப்பாட்டுத் தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்துபோனான். அவன் மேல் அதற்குப் பிறகு எனக்குக் கோபம் இல்லை. பேனாவைக் கையில் வைத்து, ஊர் பார்க்க, பெரிய மனுஷன் ஒருவர் "சார்" என்று கூப்பிட்டால் போடாமல் இருக்கிற திராணி எத்தனை பேருக்கு இருக்கும்.

எண்பத்தைந்து மூடையும் கிட்டங்கியின் ஒரு மூலையில் கோடை முழுக்கக் கிடந்தன. வாங்க வந்த இரண்டு மசாலைக்காரர்கள் முகர்ந்துவிட்டுப் போய்விட்டார்கள். களத்தில் பரப்பிக் காயவைத்தேன், அள்ளினேன், திரும்பவும் பரப்பினேன். அடிக்கடி வெயில் பட்டதில் வண்டு விழவில்லை, வாடையும் குறைந்தது. போகவில்லை. வீரசோழன் சந்தையில் கொஞ்சம் சில்லறையாகப் போடலாமா என்று யோசித்தோம். ஒரு குழம்பு கெட்டால் நம் பெயர்தான் கெடும் என்று வேண்டாமென்று விட்டோம்.

புரட்டாசி தொடக்கத்தில் திருச்சுழிப் பக்கம் வெள்ளாமை செய்கிற சம்சாரி ஒருவர் விதை மல்லி கேட்டு வந்தார். முந்தின வருஷம் வீட்டில் வைத்திருந்த விதையை வண்டு தின்றுவிட்டதாம். ஐப்பசி மழைக்கு விதைக்க வேண்டும். என்னிடம் இருப்பதை மறைக்காமல் சொன்னேன். அவர் ஒரு பிடி அள்ளி முகரக்கூட இல்லை. பல்லில் வைத்துக் கடித்துப் பார்த்தார்.

"கட்டியாத்தான் இருக்கு. மொளைக்குமா?"

ஈரச் சாக்கில் போட்டு வைத்துப் பார்த்துத் தருகிறேன் என்றேன். பத்துப் பன்னிரண்டு நாள் கழித்து அவர் வந்தபோது முளை விட்டிருந்தது. அவர் சொல்லி மற்றவர்கள் வந்தார்கள். ஐப்பசி முதல் மழை விழுவதற்குள் எண்பத்தைந்து மூடையும் விதையாகப் போய்விட்டன. கொழும்புக்குப் போயிருந்தால் கிடைத்திருக்கிற விலை கிடைக்கவில்லை, ஆனாலும் கிட்டங்கியின் அந்த மூலை காலியானதே போதும் என்றிருந்தது.

அந்த வருஷம் ஆடிக்குள்ளேயே என் கணவருக்கு உடம்பு முழுசாகத் தேறியிருந்தது. அடுத்த பங்குனியில் வேகன் கார்டு வந்தபோது அவரே போனார். நான் வருகிறேன் என்று சொல்லலாமா என்று இருந்தது. அவராகக் கேட்கட்டும் என்று இருந்துவிட்டேன். அவர் கேட்கவில்லை.

மறுநாள் திரும்பி வந்து சாப்பிட உட்கார்ந்தார். "துணி பேல் ஏத்தி வந்த வேகன். பலகையெல்லாம் பளபளன்னு இருந்துச்சு. ஒரு பிரச்சினையும் இல்ல" என்றார். "அந்தத் தாளையும் வாசிச்சுப் பாத்துட்டுத்தான் போட்டேன்" என்றும் சொன்னார், என்னைச் சந்தோஷப்படுத்துவதற்காக.

"நல்லது" என்றேன். உண்மையிலேயே நல்லதுதான். அந்த மூடைகள் பிறகு ஐந்தாம் நாளே கொழும்புக்குக் கிளம்பியும்விட்டன. அன்றைக்கு அவர் எழுந்து கை கழுவப் போனதும் எனக்குச் சோற்றைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். பசி இருந்தது. நீயும் வா என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே என்று சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தேன், வாயில் வைக்கவில்லை.